சித்தப்பா கை நீட்டிய நாள்

எனக்குத் தமிழ் ஒழுங்காக வராததால்தான் எனக்கு ஒரு தங்கை கிடைத்தாள் என்று சித்தி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தங்கை என்றால் என் கூடப் பிறந்தவள் இல்லை, சித்தப்பாவின் மகள். அவளை எதிரில் வைத்துக்கொண்டே, "அக்காவுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லுட்டி" என்பாள் சித்தி. அவளும் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "தேங்க்ஸ் திதி" என்று பாதி இங்கிலீஷிலும் பாதி வங்காளத்திலுமாக அந்தச் சடங்கை முடித்துவிடுவாள். சித்தப்பா மட்டும் எழுந்து போய், துவையல் மிச்சம் இருக்கிறதா என்று அடுப்பங்கரையில் பார்ப்பார்.

தமிழ் வராதது என் குற்றம் இல்லை. எங்கள் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காகக் கல்கத்தா வந்தவர். அப்பாவும் சித்தப்பாவும் இங்கேயே பிறந்தவர்கள் என்றாலும் அவர்கள் பேச்சை விட்டுத் திருநெல்வேலி போகவில்லை. நான் லேக் கார்டன்ஸில் பிறந்தேன். விளையாட, சண்டை போட, பொய் சொல்ல எல்லாவற்றுக்கும் எனக்கு வங்காளம். பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ். பசிக்கிறது, தூக்கம் வருகிறது, தலை வாரினால் வலிக்கிறது என்று சொல்வதற்கு மட்டும் தமிழ். அதற்கு மேல் என்னிடம் யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

எனக்கு எட்டு வயது நடக்கும்போது அம்மா இரண்டாம் முறை உண்டாகியிருந்தாள். கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என்னை வீட்டில் வைத்துக்கொண்டு எந்தப் பெண்ணாலும் கட்டிலில் படுத்திருக்க முடியாது என்பது குடும்பம் முழுக்கத் தெரிந்த விஷயம். அதனால் மழைக்காலம் தொடங்கியதும் என்னையும் என் துணிமணிகளையும் ஜாதவ்பூரில் சித்தப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டார் அப்பா. என் பள்ளிக்கூடமும் அங்கிருந்து பக்கம்தான். கிளம்பும்போது அப்பா சித்தப்பாவைப் பார்த்து, "பாத்துக்கோல" என்று மட்டும் சொன்னார். சித்தப்பா படிக்காத பாடத்தில் பரீட்சை எழுத வந்தவர் மாதிரி தலையை ஆட்டினார். என்னைப் பார்த்துக்கொள்வதில் என்ன கஷ்டம் என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

சித்தப்பாவுக்கும் சித்திக்கும் கல்யாணமாகிப் பல வருடம் ஆகியும் பிள்ளை இல்லை. இதற்குச் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். எல்லாக் காரணமும் சுற்றி வளைத்துச் சித்தியிடம்தான் போய் நின்றன. ஊரிலிருந்து வந்த அத்தை ஒருத்தி சஷ்டி விரதம் இருக்கச் சொன்னாள். லேக் கார்டன்ஸில் எங்கள் கீழ்வீட்டில் ஒரு வங்காளப் பெண்மணி உண்டு; மாஷிமா என்று முறை வைத்துக் கூப்பிடுவோம். அந்த மாஷிமாவும் ஷஷ்டி விரதம்தான் சொன்னாள். அத்தைக்குச் சஷ்டி என்றால் முருகன். மாஷிமாவுக்கு ஷஷ்டி என்றால் பிள்ளைவரம் தருகிற ஒரு தேவி. சித்தி இரண்டு பேருக்கும் பட்டினி கிடந்தாள். சொன்னவர்களுக்குச் சிரித்த முகத்தோடு காப்பியும் போட்டுக் கொடுத்தாள். குறை என்னிடம் இல்லை என்று ஒரு நாளும் அவள் வாய் திறக்கவில்லை. அந்தப் பொறுமை எனக்கெல்லாம் வராது. நானாக இருந்தால் காப்பியில் உப்பைப் போட்டிருப்பேன்.

சித்தப்பா மாதிரி ஒரு மனிதரை இன்றுவரை நான் பார்க்கவில்லை. அலிப்பூரில் ஒரு கவர்மெண்ட் ஆபீஸில் வேலை. ஆபீஸில் எப்படியோ, வீட்டில் காக்காயாகக் கத்துவார், ஒட்டகமாக நடப்பார், டிராம் கண்டக்டராக வாசலை மறித்து நின்று டிக்கெட் கொடுத்தால்தான் என்னைக் குளிக்க விடுவார். எல்லாம் செய்வார்; தொட மட்டும் மாட்டார். தூக்க மாட்டார், கன்னத்தைக் கிள்ள மாட்டார், கையைப் பிடித்துக்கொண்டு நடக்க மாட்டார். அவர் கைகள் பேண்ட் பாக்கெட்டில் இருக்கும். இல்லையென்றால் முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்கும். பெல்ட் போடுகிற வழக்கம் இல்லாததால் பேண்டைப் பிடித்துக்கொள்வதற்காகத்தான் பாக்கெட்டில் கை விடுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தெருவைக் கடக்கும்போது மடக்கிய குடையை என் பக்கம் நீட்டுவார். அதன் வளைந்த பிடியை நான் பிடித்துக்கொள்ள வேண்டும். இப்படி ஒரு முனையில் அவரும் மறுமுனையில் நானுமாக ஜாதவ்பூர் முழுக்க நடந்திருக்கிறோம். ரிக்ஷாக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. கோபம் வந்தால் வீட்டில் இருக்க மாட்டார். நான் எதையாவது உடைத்தால் ஒரு வார்த்தை பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கிவிடுவார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வரும்போது கையில் ஜால்முரிப் பொட்டலம் இருக்கும். கடுகெண்ணெய் மணக்கிற காரப்பொரி. என் பங்கில் மட்டும் பச்சைமிளகாய் போடாமல் வாங்கி வருவார். இதில் உள்ள நியாயம் எனக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. உடைத்தால் பொரி. அப்படியானால் பெரிதாக உடைத்தால் என்ன கிடைக்கும்? சவரக் கண்ணாடிக்கு வழக்கமான பொட்டலம்தான் வந்தது. டிரான்சிஸ்டரைக் குளிப்பாட்டியதற்குப் பொரியோடு ஜிலேபியும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருடைய குடைத்துணியை வெட்டி என் பொம்மைக்குப் பாவாடை தைத்தேன்.

சித்தப்பா பார்த்தார். முகம் சிவந்தது. கழுத்தில் நரம்பு புடைத்தது. ஒரு கை பாக்கெட்டிலிருந்து வெளியே வந்தது. அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் இறங்கிப் போய்விட்டார். அவர் அவ்வளவு நேரம் வராமல் இருந்ததே இல்லை. ரசகுல்லாவாகத்தான் இருக்கும் என்று நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தபோது தொப்பலாக நனைந்திருந்தார். வெளியே மழை, குடையைத்தான் நான் பாவாடை ஆக்கிவிட்டேனே. பொரி நமத்துப்போயிருந்தது. அதை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நான் பால்கனியில் உட்கார்ந்து நமத்த பொரியைத் தின்றுகொண்டே அவர்கள் பேசியதைக் கேட்டேன். ஒட்டுக்கேட்கவில்லை, அந்த வீட்டுச் சுவர் அப்படி.

"இதுக்குத்தான் வேண்டாங்குதேன். இன்னைக்குக் கை நீட்டிருப்பேன்" என்றார் சித்தப்பா.

"நீட்டலைல்லா?" என்றாள் சித்தி.

"எங்கப்பா எதுக்கெடுத்தாலும் கை நீட்டுவாரு. அவரு ரத்தந்தான எனக்குள்ளயும் ஓடுது. நமக்குன்னு ஒரு பிள்ளை வந்து, அதுகிட்டப் போயி நான் கை நீட்டிட்டேன்னா? எனக்குப் பயமா இருக்கு."

"நீங்க உங்க அப்பா இல்ல."

"உனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும். ஆளாளுக்கு என்னையச் சொல்லுதாவ, நான் ஒருத்தருக்காவது பதில் சொல்லிருக்கேனா? தெரிஞ்சுதான் பேசாம இருக்கேன்" என்றாள் சித்தி. அதற்குப் பிறகு ஈரத்துணியைப் பிழிகிற சத்தம்தான் கேட்டது.

எனக்குத் தமிழ் வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். கை தெரியும், நீட்டு தெரியும். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அடிப்பது என்று அர்த்தமாகும் என்பது தெரியாது. எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் அந்தக் காரியம் நடந்ததே இல்லை. அதனால் அந்தச் சொல்லும் என் காதில் விழுந்ததில்லை. அப்பாவுக்குக் கோபம் வந்தால் எதிரில் உட்கார வைத்துப் பேசுவார். இனிமேல் செய்யவே மாட்டேன் என்று நான் அழுது முடித்த பிறகும் முடிவுரை என்று ஒன்று இருக்கும். ஆனால் ஒரு அடி விழுந்ததில்லை.

ஆகவே நமத்த பொரி தீர்வதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்ட தாத்தா எல்லாரிடமும் தாராளமாகக் கை நீட்டிப் பழகியவர். சித்தப்பாவோ கூச்ச சுபாவம், கை நீட்டப் பயப்படுகிறார். அதனால்தான் எப்போதும் பாக்கெட்டிலேயே வைத்திருக்கிறார். அந்தப் பயம் போனால்தான் அவர்களுக்குப் பிள்ளை வரும். இவ்வளவுதானா, இதற்குப் போய்ச் சித்தி இரண்டு சாமிக்குப் பட்டினி கிடக்கிறாளே என்று எனக்கு ஒரே பாவமாகப் போய்விட்டது. நான் உதவி செய்வது என்று முடிவுசெய்தேன்.

அந்த வாரமே ஜாதவ்பூரில் தண்ணீர் தேங்கிப் பள்ளிக்கூடத்தை மதியமே விட்டுவிட்டார்கள். சித்தப்பா ஆபீஸிலிருந்து ஓடி வந்தார். பேண்டைச் சுருட்டி விட்டுக்கொண்டு என் பையை வாங்கித் தோளில் மாட்டினார். தெருவில் பழுப்புத் தண்ணீர் அவருக்கு முழங்கால் அளவு, எனக்கு இடுப்பளவு. ரிக்ஷா ஒன்றும் இல்லை. வழக்கம்போல அவர் வலது கை முன்னால் வந்தது. அதில் குடை இல்லை என்பது ஞாபகம் வந்து, திரும்பவும் பாக்கெட்டுக்குள் போய்விட்டது.

"என் சட்டையைப் பிடிச்சுக்கோட்டி" என்றார்.

நான் பிடிக்கவில்லை. இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது என்று தோன்றியது. பள்ளிக்கூட வாசல்படியில் நின்றபடி, "கை நீட்டுங்க" என்றேன்.

அவர் அசையவில்லை. மழைச் சத்தத்தில் காதில் விழவில்லை போல என்று நினைத்து இன்னும் உரக்கச் சொன்னேன். "சித்தப்பா, எங்கிட்ட கை நீட்டுங்க. பயப்படாதீங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் முகம் வெளுத்துவிட்டது. மழையில் நனைந்துகொண்டு என்னையே பார்த்தார். சரி, இவருக்கு எப்படி என்றே தெரியவில்லை போலிருக்கிறது என்று, நானே என் கையை நீட்டிக் காட்டினேன். உள்ளங்கையை மேலே திருப்பி, விரல்களை விரித்து, இப்படித்தான், பார்த்துக்கொள்ளுங்கள் என்று. நான் என்ன கேட்கிறேன் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். உதடு கோணியது. சிரிப்பா, வேறென்னவா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. பிறகு பாக்கெட்டிலிருந்து கை மெல்ல வெளியே வந்து என் முன்னால் நீண்டது. ஜில்லென்று, ஈரமாக இருந்தது. நான் பிடித்துக்கொண்டேன். வீட்டு மாடிப்படி ஏறி முடிக்கும்வரை அவர் விடவில்லை. வலது பாக்கெட்டில் இருந்த சாவியை இடது கையால் எட்டி எடுத்துக் கதவைத் திறந்தார்.

"சித்திகிட்டச் சொல்லாத" என்று மட்டும் சொன்னார். நான் சொல்லவில்லை. அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று அவர் சொல்லவில்லையே.

மழைக்காலம் முடிவதற்குள் தம்பி பிறந்தான். பேர் வைக்கிற அன்று லேக் கார்டன்ஸ் வீட்டில், முன்னறைச் சுவரில் மாட்டியிருந்த தாத்தா படத்துக்குக் கீழே தொட்டில் கட்டியிருந்தார்கள். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரும் பிள்ளையைத் தொடக் கூடாது என்று அம்மா ஒரு சட்டம் போட்டிருந்தாள். மாஷிமாகூட முணுமுணுத்துக்கொண்டே போய்க் கழுவிவிட்டு வந்தாள். சித்தப்பா மட்டும் கழுவப் போகவே இல்லை. தாத்தா படத்துக்கு முதுகைக் காட்டியபடி, தொட்டிலிலிருந்து தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

அப்பா என்னை இழுத்து மடியில் உட்கார வைத்து, "சித்தப்பா வீட்ல எப்படிட்டி இருந்த? எல்லாத்தையும் சொல்லு" என்றார். அப்பாவுக்கு இடது காது கேட்காது. அதனால் எங்கள் வீட்டில் எந்தச் சேதியும் சத்தமாகத்தான் சொல்லப்படும். இருக்கிற சேதிகளில் பெரியது எதுவோ அதை முதலில் சொல்லிவிடுவோம் என்று, வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"சித்தப்பா எங்கிட்ட கை நீட்டிட்டாங்கப்பா."

அம்மா தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தினாள். பொங்கல் பரிமாறிக்கொண்டிருந்த சித்தியின் கரண்டி அப்படியே நின்றது. அப்பா என்னை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்தார். "ஏல" என்றார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் வரவில்லை. பேசிப் பேசியே என்னை அழவைக்கிற மனிதர்.

சித்தப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் எதைச் சொல்கிறேன் என்று அந்த அறையில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சொல்லவில்லை. பின்னால் கட்டியிருந்த கையை முன்னால் கொண்டுவந்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

யாரும் என்னைப் பாராட்டாததால் நானே தொடர வேண்டியிருந்தது. "முதல்ல ரொம்பப் பயந்தாங்க. நாந்தான் நீட்டுங்க, எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன்" என்றேன். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

காப்பாற்றியது மாஷிமாதான். தமிழ் புரியாத அவள் எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு, என்ன ஆச்சு என்று அம்மாவைக் கேட்டாள். கொழுந்தன் பிள்ளையை அடித்துவிட்டாராம் என்று அம்மா வங்காளத்தில் சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. மாஷிமா என் தோளைப் பிடித்துத் திருப்பி, "காக்கூ தோமார் காயே ஹாத் துலேச்சே?" என்றாள். சித்தப்பா உன்மேல் கையைத் தூக்கினாரா என்று அர்த்தம். வங்காளத்தில் கையைத் தூக்கினால்தான் அடி.

அது எனக்கு நன்றாகத் தெரிந்த பாஷை. வந்ததே கோபம். யார் மேல் என்ன பழி போடுகிறார்கள்? "நா, ஹாத் தோலே நி. ஹாத் பாரியே தியேச்சே" என்று கத்தினேன். தூக்கவில்லை, நீட்டினார். தெருவெல்லாம் தண்ணீர், குடை இல்லை, நான் பிடித்துக்கொள்வதற்காகக் கை நீட்டினார், வீட்டுக்கு வரும்வரை விடவே இல்லை, இதுகூட உங்களுக்குப் புரியாதா என்று மூச்சு விடாமல் வங்காளத்தில் பொரிந்து தள்ளினேன்.

முதலில் மாஷிமா சிரித்தாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"வாயத் தெறந்து சொல்ல வேண்டியதுதானல" என்றார்.

"நீகூட நம்பிட்டியேண்ணே" என்றார் சித்தப்பா.

அப்பா குனிந்து தொட்டிலிலிருந்து தம்பியைத் துணியோடு எடுத்துக்கொண்டு போய்ச் சித்தப்பா முன்னால் நின்றார்.

"கை நீட்டுல" என்றார்.

சித்தப்பா பின்னால் நகர்ந்தார். அப்பா விடவில்லை. "அவருகிட்ட வாங்கினது நீ மட்டுமா? நானும் உன்கூட நின்னு வாங்கினவந்தான். நான் ரெண்டு பிள்ளை வச்சிருக்கேன். நீட்டு."

சித்தப்பா மறுபடியும் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு கையையும் நீட்டினார். தம்பி அதில் படுத்துக் கொட்டாவி விட்டான்.

சித்தி சொல்கிற கதை இதோடு முடிந்துவிடும். அடுத்த வருடம் துர்கா பூஜைக்கு முன்னால் தங்கை பிறந்தாள். சித்தப்பா அவளைக் கீழே இறக்கியே விடாததால்தான் அவள் தாமதமாக நடந்தாள் என்று சித்தி இன்னும் குறைபட்டுக்கொள்கிறாள். சித்தப்பாவின் பயம் அன்றோடு போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். தங்கை வளர்ந்த காலத்தில் எத்தனையோ முறை செருப்பை மாட்டிக்கொண்டு அவர் படி இறங்கிப் போனதை நானே பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பொரியோடு திரும்பி வந்தார். தங்கைக்குப் பொரியே பிடிக்காது. அதெல்லாம் எனக்கும் தம்பிக்கும்தான் வந்து சேர்ந்தது.

அப்பாவின் இடது காது கேட்காமல் போனதற்கும் சித்தப்பா பெல்ட்டே போடாததற்கும் ஒரே ஆள்தான் காரணம் என்பது எனக்குக் கல்யாணம் ஆன பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் அடி வாங்கி வளர்ந்தார்கள். ஒருவர் அடிக்கவே மாட்டேன் என்று சொல்லிக்கொண்டு அப்பா ஆனார். இன்னொருவர் அடித்துவிடுவேனோ என்று பயந்து ஆகாமலே இருந்தார். போன வாரம் என் மகன் என் செல்போனை வாளித் தண்ணீரில் போட்டு நீச்சல் கற்றுக்கொடுத்தான். நான் ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். பொரிக்காரர் முன்னால் நிற்கும்போதுதான் இதெல்லாம் ஞாபகம் வந்தது.

சித்தியின் கதையில் ஒரு துண்டு மட்டும் விட்டுப்போகும், ஏனென்றால் அப்போது அவள் அடுப்பங்கரையில் இருந்தாள். அப்பா நீட்டு என்று சொல்லியும் சித்தப்பா ஏன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார் என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது. அம்மாவின் சட்டம். அந்த வீட்டில் கை கழுவாதவர் அவர் ஒருவர்தான். அதை எல்லார் முன்னாலும் சொல்ல அவருக்குக் கூச்சம், பாவம். நான் போய் அந்தக் கையைப் பிடித்து என் பட்டுப்பாவாடையில் நன்றாகத் துடைத்தேன். முன்னும் பின்னும் திருப்பி, விரலிடுக்கெல்லாம் பார்த்தேன்.

"சுத்தமாத்தான் இருக்கு சித்தப்பா" என்றேன். "ஒண்ணுமே இல்ல."